சக்களத்திக் காடு

கதிர்வேல் சிரிக்கும் சத்தம் கேட்டு, இசைவாணி செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். சிதம்பரத்தில் பகல் டியூட்டி முடித்து, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்து, முதுநகர் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய மாலை அது. உள்ளே அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அய்யோ பூஜா, நான் அத நாரைன்னு நெனச்சி எல்லாருக்கும் போட்டோ அனுப்பிட்டேனே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தான். வயிறு குலுங்கும் சிரிப்பு. அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்புக் கேட்டு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்புக்காக அவள் வேண்டாத தெய்வம் இல்லை. வந்தபோது சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கையில் கத்தரிக்காய்ப் பையோடு நின்றவளுக்கு நெஞ்சுக்குழியில் சுருக்கென்று எரிந்தது. தன்னிடம் வராத சிரிப்பு, யாரோ ஒரு பூஜாவிடம் எப்படி வந்தது?

கதிர்வேல் ரயில் ஓட்டுபவன். விழுப்புரத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே பாசஞ்சர் வண்டி ஓட்டிய லோகோ பைலட். போன பங்குனியில் ஒரு காலை, ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வருவதற்குள், ஒரு பெண் தண்டவாளத்தில் வந்து நின்றாள். அவன் ஹாரன் அடித்தான், பிரேக் போட்டான். அத்தனை பாரத்தோடு வரும் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் தகவல் சொல்லி, வண்டியை மயிலாடுதுறை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். குளித்தான், சாப்பிட்டான், அடுத்த வாரமும் ஒழுங்காக வேலைக்குப் போனான். பிறகு ஒருநாள், விழுப்புரத்தில் இன்ஜினில் ஏறி உட்கார்ந்தவனுக்குக் கை எழும்பவில்லை. உதவியாளன்தான் இறக்கிக் கூட்டிவந்தான். அன்று படுத்தவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

என்ன நடந்தது, சொல்லுங்கள், சொன்னால் பாரம் குறையும் என்று இசைவாணி எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்பதுதான் பதில். அவள் நர்ஸ். நோயாளியைப் பார்த்துக்கொள்வது அவளுக்குக் கை வந்த வேலை. நைட் டியூட்டியைப் பகல் டியூட்டியாக மாற்றி வாங்கிக்கொண்டாள். புதுச்சேரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நின்றாள். வார்டில் சின்ன இடைவேளை கிடைத்தாலும் போன் செய்து, சாப்பிட்டீர்களா, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் வெண்மதியிடம், அப்பாவுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவன் தூங்கினால் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்தாள். தூங்காவிட்டால் ஏன் தூங்கவில்லை என்று பார்த்தாள். அந்த வருஷத்தில் அவள் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததைவிட அவன் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மழைக்காலம் முடிந்ததும் சார்லஸ் வந்தான். கதிர்வேலின் பள்ளிக்கூடத்து நண்பன். பரங்கிப்பேட்டையில் படகு மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பிச்சாவரம் பக்கம் வெள்ளத்தில் கரை அரித்துப்போன இடங்களில் சேற்றில் வேரூன்றிக் கரையைக் காக்கும் அலையாத்தி மரக் கன்று நடும் ஒரு குழுவுக்கு அவன் படகு ஓட்டி உதவி செய்துவந்தான். ஆராய்ச்சி மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் குழு. சும்மா படகில் உட்கார்ந்திருந்தால் போதும், சேற்றில் இறங்கக்கூட வேண்டாம் என்று சொல்லி, கதிர்வேலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். இசைவாணிதான் தயிர்சாதமும் மாவடுவும் கட்டிக் கொடுத்து அனுப்பி வைத்தாள். அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முதல் நாள் போய்விட்டு வந்தவன், முழங்கால் வரை சேறு காய்ந்த கால்களோடு தட்டின் முன் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு வை என்றான். அடுத்த வாரம் மாத்திரை போடாமலே பகலில் அயர்ந்து தூங்கினான். கொஞ்ச நாளில், ஞாயிற்றுக்கிழமை போதாமல் வார நாளிலும் போகத் தொடங்கினான். மகளுக்குப் போன் போட்டு, மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழும் அழகைப் பற்றிப் பேசினான். புதுச்சேரி டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். "எதப் பண்றீங்களோ அத விடாதீங்க" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசைவாணியை அவர் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் மூத்த நர்ஸ் ராமாமிர்தம் விஷயம் கேள்விப்பட்டு, மருந்தில் ஆகாதது மண்ணில் ஆகிவிட்டது பார் என்று வியந்தாள். மருந்து என்று அவள் சொன்னது இசைவாணியின் காதில் தன் பெயராக விழுந்தது.

அவன் சட்டைகளில் ஒரு வாசம் வரத் தொடங்கியிருந்தது. உப்பும் அழுகிய இலையும் கலந்த சேற்று வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. துணி துவைக்கும்போது அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டே அதை முகர்ந்து பார்த்தாள். வேறொருத்தியின் பவுடர் வாசத்தைத் தேடுகிற மாதிரி தேடினாள். இப்போது பூஜா என்று ஒரு பெயரும் கிடைத்துவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில், டியூட்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வழக்கமான பஸ்ஸில் ஏறினாள். சிதம்பரத்தில் இறங்கிப் பிச்சாவரம் டவுன் பஸ் பிடித்தாள். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஓடைக்கரையில் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே நீளநீளமான விதைகள் குவிந்து கிடந்தன. சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் விதைகள். பார்க்க முருங்கைக்காய் மாதிரி இருந்தன. அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். பெரிய தொப்பி, வெயிலில் கறுத்த முகம், முழங்கை வரை சேறு. சார்லஸ் எழுந்து வந்து, "பூஜா, இவங்க நம்ம கதிர் வீட்ல" என்று அறிமுகம் செய்துவைத்தான். பூஜாவுக்கு வெண்மதியைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அவள் அவசரமாகக் கையைக் கழுவிவிட்டு வந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். இசைவாணி மனதுக்குள் கட்டிக்கொண்டு வந்த சண்டையெல்லாம் அந்த டீயைக் கையில் வாங்கியபோதே ஒன்றுமில்லாமல் போனது.

நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். ஆனால் பூஜா நல்ல மனதோடு ஒன்றைச் சொன்னாள்.

"சார் அந்த ஆக்சிடென்ட் பத்தி எங்ககிட்ட சொன்னாரு ஆண்டி. கடைசி நேரத்துல அந்தம்மா திரும்பி அவரப் பாத்தாங்கன்னு சொன்னப்ப படகுல இருந்த எல்லாரும் அழுதுட்டோம்."

இசைவாணி டீயை விழுங்கினாள். தண்டவாளத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. ஒரு வருஷம் கூடவே இருந்து, கேட்டுக் கேட்டு அலுத்தவளுக்குக் கிடைக்காத வார்த்தை, படகில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்குக் கிடைத்திருக்கிறது.

அவர் எங்கே என்று கேட்டாள். சார்லஸ் கையை நீட்டிக் காட்டினான். கடல் தண்ணீர் வற்றி, ஓடையின் இரண்டு பக்கமும் சேறு மின்னிக்கொண்டு கிடந்தது. அதில் முழங்கால் ஆழத்தில் கதிர்வேல் தனியாக நின்றிருந்தான். குனிந்து ஒரு விதையைச் சேற்றில் சொருகி, அதைச் சுற்றி இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திவிட்டான். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் வளைந்து இறங்கியிருந்த மரத்தின் வேரில் கை வைத்துக்கொண்டு மேலே பார்த்தான். அந்த முகம் இசைவாணிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில், ஓட்டம் முடிந்து விடிகாலையில் வந்து கதவைத் தட்டும்போது அவளைப் பார்த்த முகம் அதுதான்.

ஒரு பெண்ணாக இருந்திருந்தால் தேவலாம் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. வீடு தேடிப் போய் நாலு கேள்வி கேட்கலாம். அவளைவிட நான் எதில் குறைச்சல் என்று அவனையே உலுக்கிக் கேட்கலாம். இந்த மரத்தையும் சேற்றையும் என்னவென்று கேட்பது? அதுகள் அவனை இழுக்கவும் இல்லை, மயக்கவும் இல்லை. சும்மா நிற்கின்றன.

அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடும் வீம்பில், சார்லஸிடம் படகை உள்ளே விடச் சொன்னாள். கதிர்வேல் அவளைப் பார்த்ததும் திகைத்தான். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, சேறு தெறிக்கத் தெறிக்க நடந்துவந்து படகில் ஏறிக்கொண்டான். டியூட்டி என்றாளே என்றுகூடக் கேட்கவில்லை. இந்த இடத்தில் மரங்கள் இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்துகொள்ளும் பார் என்றான். பேசாமல் கவனி, சேறு பேசும் என்றான். அவள் கவனித்தாள். டிக் டிக் என்று ஏதோ கேட்டது, அவ்வளவுதான். கொசு பிடுங்கியது. அழுகல் நாற்றம் குமட்டியது. இலைகளுக்கு நடுவே வந்த வெயில் கண்ணைக் குத்தியது. தனக்கும் ஏதாவது நடக்கும், நெஞ்சு லேசாகும், குறைந்தபட்சம் அழுகையாவது வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவனுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்த காடு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் சின்னப்பிள்ளை போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் பெரிய நடவு ஒன்று ஏற்பாடாகியிருந்தது. ஞாயிறு காலையில் சார்லஸ் பைக்கில் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. கதிர்வேல் குளித்துக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. கிளம்பிவிட்டானா என்று சார்லஸ் கேட்டான். இசைவாணி யோசிக்கவே இல்லை. ராத்திரியிலிருந்து காய்ச்சல், தூங்குகிறார், இன்றைக்கு எழுப்பாதீர்கள் அண்ணே, போனும் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தாள். வந்த அழைப்பையும் போனிலிருந்து அழித்தாள்.

கதிர்வேல் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றான். தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சார்லஸுக்குப் போன் செய்தான், கிடைக்கவில்லை. ஓடைக்குள் போய்விட்டால் சிக்னல் இருக்காது. வெயில் ஏறும்வரை நின்றிருந்துவிட்டு உள்ளே வந்தான். நான் வருவது அவர்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும் போல என்று தரையைப் பார்த்துச் சொன்னான். சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

இசைவாணி பயந்துதான் போனாள். ஓடி ஓடிப் பார்த்தாள். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். எங்கும் போகாதே, இங்கேயே உட்கார் என்று அவன் முனகினான். அவள் புடவை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் அவளைத் தேடினான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப்போனது, எழவில்லை. சாயங்காலம் முந்தானையை மெல்ல விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பது அவளுக்கே உறைத்தது.

கை அப்படியே நின்றது. அறைக்குள் அவன் மறுபடியும் நோயில் கிடக்கிறான், இங்கே தனக்குப் பாட்டு வருகிறது. இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் எத்தனையோ பேரை அலுத்துக்கொண்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள். ஆனால் ஒருவர் தேறிவிடக் கூடாது என்று ஒருநாளும் நினைத்தது கிடையாது. இன்று, கட்டிய புருஷனையே அப்படி நினைத்திருக்கிறாள்.

அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவனை எழுப்பினாள்.

"சார்லஸ் அண்ணன் காலைல போன் பண்ணாரு. ஒங்களுக்குக் காச்சல்னு நான்தான் சொன்னேன்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். கோபப்படவில்லை. புரியாமல் ஏன் என்று மட்டும் கேட்டான். அதுதான் அவளை உடைத்துவிட்டது.

"எனக்கு வயிறு எரியிதுங்க. ஒரு வருஷம் ஒங்கள இடுப்புல வெச்சிக்காத கொறையா பாத்துக்கிட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்தப் பொம்பள திரும்பிப் பாத்துச்சின்னு படகுல வர்ற பசங்ககிட்ட சொல்லத் தெரியிது. அந்தச் சேத்துல என்னா இருக்கு, எங்கிட்ட என்னா இல்ல?"

 கதிர்வேல் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினான்.

"அந்தம்மா நேரா என்னையத்தான் பாத்துச்சி வாணி. அதுக்கப்பறம் யாரு பாத்தாலும் எனக்கு அந்தப் பார்வதான் தெரியிது. நீ காப்பி குடுத்துட்டு எம்மூஞ்சியப் பாப்ப. மாத்திரை குடுத்துட்டுப் பாப்ப. தூங்கறனான்னு வந்து பாப்ப. நீ பாக்கப் பாக்க, நான் பிரேக் போட்டுக்கிட்டே இருக்கற மாதிரி இருக்கும். அங்க எதுவும் என்னையப் பாக்கல. மரம் பாக்கல, தண்ணி பாக்கல. நான் இருக்கறதே அதுங்களுக்குத் தெரியாது. அதான் அங்க மூச்சு வந்துச்சி. படகுலயும் எல்லாரும் தண்ணியப் பாத்துக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தோம். யாரும் யாரு மூஞ்சியும் பாக்கல. அப்பதான் வாயில வந்துடிச்சி."

"அப்ப நான் பாத்ததுதான் ஒங்களுக்கு நோவா?"

"நீ பாக்கலன்னா நான் செத்துருப்பேன். அதுவும் எனக்குத் தெரியும்."

இரண்டும் உண்மை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் வலித்தது. அன்று சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் சார்லஸைக் கூப்பிட்டு, பொய் சொன்னதை ஒத்துக்கொண்டாள். அவன், சரி விடு தங்கச்சி, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றான்.

அதன் பிறகு இசைவாணி பார்க்காமல் இருக்கப் பழகினாள். நர்ஸுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. காப்பியைக் கொடுத்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள். மாத்திரையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வார்டிலிருந்து போன் போடக் கை துறுதுறுக்கும்போதெல்லாம் போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். ஒருநாள் இரண்டு பேரும் அவரவர் டம்ளரோடு தெருவில் போகும் மீன்கூடைக்காரியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்று தண்டவாளத்தில் நின்ற பெண் மஞ்சள் புடவை கட்டியிருந்தாள் என்று அவனாகச் சொன்னான். அவள் திரும்பாமல் கேட்டுக்கொண்டாள். பொறாமை மட்டும் போகவில்லை. அவன் சேற்றுச் சட்டைகளைத் தனி பக்கெட்டில் ஊறவைத்து, தேவைக்கு மேலேயே அடித்துத் துவைத்தாள்.

மாசி பிறந்தபோது, திருச்சியில் மெடிக்கல் பரிசோதனைக்கு வரச் சொல்லி ரயில்வேயிலிருந்து தகவல் வந்தது. இனி இன்ஜின் ஓட்ட விடமாட்டார்கள், உட்கார்ந்து பார்க்கிற வேலை ஏதாவது தருவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் எந்த வேலையானாலும் ரயிலில் ஏறித்தானே போக வேண்டும்? இன்ஜினிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அவன் ரயிலில் ஏறியதே இல்லை. அன்று மாலை சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"நாளைக்கி டியூட்டிக்கு ட்ரெயின்ல போயேன். நானும் சிதம்பரம் வரைக்கும் வரேன்."

"சார்லஸ் அண்ணனக் கூப்புடலியா?" கேட்கக் கூடாது என்று நினைத்ததைத்தான் கேட்டாள்.

"அவன் எதுக்கு? இதுக்கு நீதான் வரணும்."

மறுநாள் காலை, முதுநகரிலேயே இருக்கும் துறைமுகம் ஜங்ஷனில் வண்டி வந்து நின்றபோது அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஏறினான். ஆலப்பாக்கம் வரை ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். அதைத் தாண்டியதும் பேச்சு நின்றது. முன்னால் இன்ஜின் நீளமாக ஹாரன் அடித்தது. அவன் உடம்பு முழுக்க விறைத்து, இல்லாத பிரேக்கைத் தேடுவதுபோல் மறுகை முன்னால் போனது. இசைவாணி பழக்கத்தின்படி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாணி, என்னையப் பாரு" என்றான்.

அவள் திரும்பினாள். அவன் கண்களை நேராகப் பார்த்தாள். அவனும் பார்த்தான். வயலும் கருவேலமும் வெளியே ஓடின. வண்டி எதன்மீதும் மோதாமல் போய்க்கொண்டே இருந்தது. புதுச்சத்திரம் பிளாட்பாரத்தில் நிற்கும்வரை இருவரும் இமைத்தார்களே தவிர, கண்ணை எடுக்கவில்லை. வண்டி நின்றதும் அவன் அழுதான். எதிரில் இருந்த கல்லூரிப் பையன் மரியாதையாக எழுந்து வேறு இடத்துக்குப் போனான்.

பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியது. தண்ணீரும் கழிமுகத்துப் பக்கத்துப் பச்சையும் தெரிந்ததுமே கதிர்வேல் அவள் கையை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான். இசைவாணிக்குப் பழையபடி சுருக்கென்றது. ஆனால் அவன் விரல் அழுந்திய இடம் அவள் மணிக்கட்டில் சிவந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

சிதம்பரத்தில் இறங்கி டீ குடித்தார்கள். திரும்பும் வண்டியில் தனியாகப் போய்விடுவதாக அவன் சொன்னான். அவள் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மதியம் சாப்பாட்டு வேளையில் அவனே போன் செய்தான். அந்த இடத்தைத் தாண்டும் தெம்பு இன்றைக்கு இல்லை, பரங்கிப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன் என்றான். சார்லஸ் கடையில்தான் இருக்கிறேன், தண்ணீர் வற்றுகிற நேரம், ஒரு எட்டு உள்ளே போய் வருகிறோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

இசைவாணி டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினாள்.

"போங்க. வரும்போது கால நல்லா கழுவிட்டு வாங்க" என்றாள்.